கர்ணனுக்குப் பிறகும் கொடை

'கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எங்கள் பக்கம் என்றால் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட கரிசல் காடு. எந்த மாவட்டத்தில் குடியிருக்கிறோம் என்பதை அவ்வப்போது அரசாணையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பாக்கியம் பெற்ற ஊர்கள். நான் பிறந்தபோது திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் ஆனோம். 2001 ஜனவரியில் அரியலூர் மாவட்டம். அடுத்த ஆண்டே, 'சும்மா சொன்னோம்' என்பதுபோல மறுபடியும் பெரம்பலூர். 2007 நவம்பரில் திரும்பவும் அரியலூர். வாசற்படியைத் தாண்டாமலே இத்தனை மாவட்டம் கண்டவர்களுக்கு உலகத்தில் எதுவும் நிலையில்லை என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் மழைக்கு ஒரு முறை உண்டு, அது அரசாணைக்குக் கட்டுப்படாது, பஞ்சாங்கத்துக்குத்தான் கட்டுப்படும் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

சித்திரை முதல் நாள் பிள்ளையார் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பார்கள். இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, நிலத்துக்கு இத்தனை என்று ஐயர் வாசிப்பார். எந்த வருஷம் பார்த்தாலும் கடலுக்குத்தான் பெரிய பங்கு. "ஏற்கெனவே தண்ணியில கெடக்குற கடலுக்கு எதுக்கு சாமி மழை?" என்று கேட்கும் ஆள் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். எங்கள் ஊரில் அது என் தாத்தா. ஐயரும் வருஷா வருஷம் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

தாத்தா தனக்கென்று தனியாக ஒரு வானிலை மையம் வைத்திருந்தார். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் பதினான்கு நாளும் கர்ப்போட்டம் பார்ப்பார். மேகம் எந்தத் திக்கில் ஓடுகிறது, தூறல் விழுந்ததா, மூட்டம் போட்டதா என்பதை வைத்து அடுத்த வருஷத்து மழையைச் சொல்வார். இது நீண்டகால முன்னறிவிப்பு. அன்றாட முன்னறிவிப்புக்கு எறும்பும் தட்டானும் இருந்தன. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டை ஏறினால் மழை. தட்டான் தாழப் பறந்தால் மழை. சொன்னபடி பெய்யாவிட்டால் அவர் கலங்கியதே இல்லை. "எறும்புக்குத் தெரிஞ்சது வானத்துக்குத் தெரியல, நான் என்ன பண்றது?" என்பார்.

மழையை அளப்பதற்கும் அன்று இரண்டு முறை இருந்தது. தாலுகா ஆபீஸ் வளாகத்தில் புனல் வைத்த உருளை ஒன்று நின்றிருக்கும். காலை எட்டரை மணிக்கு ஒருவர் வந்து அதில் சேர்ந்ததை அளந்து எழுதிக்கொண்டு போவார். அது சர்க்கார் மழை. எங்களுடையது உழவு மழை. பெய்து ஓய்ந்த மறுநாள் தாத்தா கொல்லையில் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, பெயர்ந்த கட்டியைப் புரட்டிப் போட்டு, குழிக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். மேலே கறுப்பாகப் பிசுபிசுக்கும். கீழே எந்த இடத்தில் மண் வெளுத்து உதிர ஆரம்பிக்கிறதோ அதுவரைதான் ஈரம். ஏர் இறங்கும் ஆழத்துக்கு ஈரம் இருந்தால் ஓர் உழவு மழை. அதற்கும் கீழே போயிருந்தால் இரண்டு உழவு. உருளை அளந்தது வானத்திலிருந்து விழுந்ததை. தாத்தாவின் விரல் அளந்தது மண்ணுக்குள் போனதை. அன்றைக்கு இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அதனால் எது சரி என்று யாரும் சண்டை போடவில்லை.

ஆடியில் விதைப்பு. ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு ராத்திரியில் இடியோடு மழை. ஐப்பசி அடைமழைக்கு இடி மின்னல் ஆர்ப்பாட்டம் கிடையாது. நாள் கணக்கில் சிணுசிணுவென்று விழுந்துகொண்டிருக்கும். அப்பாயி ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்துபோயிருப்பாள். துணி காயாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் லீவு கிடையாது. தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு போவோம். கார்த்திகை தீபத்துக்கு வானம் வெளுத்துவிடும். தையில் கொல்லைக்குப் போனால் கம்பு, சோளம், வரகு, நடுநடுவே துவரை. எங்கள் இரண்டு மாவட்டங்களுக்கும் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 90 செ.மீ.; அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் வருவது. இந்தப் புள்ளிவிவரம் தாத்தாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், "அதான் நம்ம பங்கா?" என்று ஐயரிடம் சண்டைக்குப் போயிருப்பார்.

பெய்யாத வருஷங்களும் இருந்தன. அதற்கும் வைத்தியம் இருந்தது. முதலில் மழைச்சோறு. பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாச் சோறு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து, ஊர்ப் பொதுவில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துச் சாப்பிடுவார்கள். அதற்கும் வானம் மசியாவிட்டால் கொடும்பாவி. வைக்கோலில் ஆள் செய்து, காலில் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போய், எல்லையில் கொளுத்துவார்கள். ஊரில் எவனோ ஒரு மகாபாவி இருக்கிறான், அவன் செய்த பாவத்தால்தான் மழை நின்றுபோயிற்று என்பது இதன் தத்துவம். அந்தப் பாவி யார் என்று பெயர் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஊர்வலம் எந்தெந்த வீட்டு வாசலில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறது என்பதை வைத்து நாங்கள் ஊகித்துக்கொள்வோம்.

கல்லூரிக்குப் போன எங்கள் தலைமுறைக்கு இது பெரிய கேலிப்பொருள். மனிதன் செய்வதற்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? மழை என்பது காற்று, கடல், வெப்பம். ஒருத்தன் அடுத்தவன் வரப்பை வெட்டினால் வங்காள விரிகுடா கோபித்துக்கொள்ளுமா? தாத்தாவிடம் இதை மிகவும் படித்த குரலில் விளக்கியிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பாவம் பண்ணலாம்ங்கிற?" என்றார்.

இன்றைக்கு ஊருக்குப் போனால் தட்டானைப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் காதில் விழுவதெல்லாம் வெப்பச்சலனம், மேலடுக்குச் சுழற்சி, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். நூறு நாள் வேலைக்குப் போய்வந்த அக்கா ஒருவர், "எம்.ஜே.ஓ. நம்ம பக்கம் வருதாமே, உண்மையா தம்பி?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, தலையாட்டி வைத்தேன். நடுவில் ஒரு காலம் இருந்தது. சென்னை வானிலை மையத்தின் ரமணன் தொலைக்காட்சியில் தோன்றினால் பிள்ளைகள் லீவு கிடைக்குமா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2016-இல் அவர் ஓய்வு பெற்றார். அதன் பிறகு ஆளுக்கொரு வெதர்மேன், வாட்ஸப் குழுவுக்கொரு செயற்கைக்கோள் படம். முதல் நாள் இரவே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் வந்துவிடுகிறது. கலெக்டர் லீவு விடுகிறார். மறுநாள் காலையில் வெயில் பளீரென்று அடிக்கிறது. அடுத்த நாள், லீவு விடாத அன்றைக்கு, வெளுத்து வாங்குகிறது.

முன்னறிவிப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. புயல் எச்சரிக்கையில் நாம் அடைந்திருக்கும் முன்னேற்றம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. என் அங்கலாய்ப்பு வேறு. மழையைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்ட காலத்தில் மழை தனக்கே தன்னைத் தெரியாததுபோல நடந்துகொள்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2015-இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிடப் பாதிக்கு மேல் அதிகம். சென்னை மிதந்தது. அடுத்த ஆண்டு 62 விழுக்காடு குறைவு; 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. 2021-இல் மறுபடியும் பாதிக்கு மேல் அதிகம். அதே ஆண்டின் ஜனவரியில், கர்ணனுக்கும் கார்த்திகைக்கும் சம்பந்தமில்லாத பொங்கல் வாரத்தில், அறுவடைக்கு நின்ற நெல்லைச் சாய்த்துவிட்டுப் போனது ஒரு மழை. 2023-இல் மார்கழி பிறந்த கையோடு தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. எங்கள் ஊரில் ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். கார்த்திகைக்குப் பிறகு கொடை இல்லை என்று யார் சொன்னது? இவ்வளவு தாராளமாகக் கர்ணனே கொடுத்ததில்லை.

இந்த இடத்தில் டீக்கடையில் ஒரு பெரியவர், "அந்தக் காலத்துல இப்படியா? மழை மரியாதையாப் பேஞ்சுது" என்பார். அதை அப்படியே விட்டுவிட முடியாது. 1956 நவம்பர் 23, கார்த்திகை மாதத்து விடியற்காலை. பச்சைமலையில் பிறந்து எங்கள் இரண்டு மாவட்டத்தையும் கடந்து கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாறு பெருக்கெடுத்து, அரியலூர் அருகே ரயில் பாலத்தை அரித்திருந்தது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவு வண்டி அதில் கவிழ்ந்து சுமார் 150 பேர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். விபத்துக்குப் பொறுப்பேற்று ஓர் அமைச்சர் வீட்டுக்குப் போனார் என்பதால் இன்றைக்கு அதைப் பழங்கதை வரிசையில் சேர்த்துவிட்டோம். பின்னாளில் அரியலூர் மாவட்டத்தை மறுபடி தொடங்க அரசு தேர்ந்தெடுத்ததும் இதே நவம்பர் 23-ஐத்தான். நாள் பார்த்துக் கொடுத்தவர் இதைக் கவனித்திருக்க மாட்டார். சொல்ல வந்தது இதுதான்: பேய்மழை அன்றும் உண்டு. மருதையாறு நேற்றுப் பெருகிய ஆறல்ல. 2015 சென்னை வெள்ளத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள்கூட அதில் புவி வெப்பமாதலின் கைரேகை தெளிவாகத் தெரியவில்லை என்றுதான் எழுதினார்கள். ஒவ்வொரு மழைக்கும் காலநிலை மாற்றம் என்று முத்திரை குத்துவது, ஒவ்வொரு வறட்சிக்கும் ஊர்ப் பாவி ஒருவனைத் தேடுவதற்குத் தங்கச்சி முறை.

மாறியிருப்பது வேறொன்று. ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இது பள்ளிக்கூட இயற்பியல், விவாதமே இல்லை. குடம் பெரிதாகிவிட்டது, நிறைவதற்கு அதிக நாள் பிடிக்கிறது, கவிழ்ந்தால் ஒரேயடியாகக் கவிழ்கிறது. புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையில் சுமார் ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது. அதே காலத்தில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை மொத்தத்தில் 6 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஆனால் மத்திய இந்தியாவில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் அதிகனமழை முக்கால் பங்கு கூடியிருக்கிறது. குறைவதற்கு ஒரு காரணம், வடக்கே வானத்தில் மிதக்கும் புகையும் தூசும் வெயிலை மறைத்து நிலத்தைச் சூடாக விடாமல் செய்வது. நிலம் சூடானால்தானே கடற்காற்றை இழுக்கும். ஒரு கையால் உலகத்தைச் சூடாக்கி, மறு கையால் வெயிலை மறைத்து, இரண்டாலும் மழையைக் கெடுக்கும் சாமர்த்தியம் மனிதனுக்கு மட்டுமே உண்டு.

எங்கள் வடகிழக்குப் பருவமழையின் சுபாவமே கொஞ்சம் ஏறுமாறு. எல் நினோ வந்தால் வடக்கே வயிறு காயும். எங்களுக்குப் பெரும்பாலும் கூடுதலாகவே பெய்யும். அந்த இயற்கை ஆட்டத்தின் மீது கடலின் கூடுதல் சூடு வந்து ஏறிக்கொள்கிறது. வானிலைத் துறை 2.5 மி.மீ. பெய்தால் அதை ஒரு மழைநாள் என்று எழுதுகிறது. ஆண்டுக் கடைசியில் மொத்தத்தைக் கூட்டினால் 90 செ.மீ. பக்கத்தில் வந்து நிற்கலாம். 'இயல்பான மழை' என்று அறிக்கையும் வரலாம். முப்பது நாளில் வர வேண்டியது மூன்று நாளில் வந்தால் அறிக்கைக்கு ஒன்றும் ஆகாது. விரலை விட்டுப் பார்க்கிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். மேலே சேறு, கீழே புழுதி.

அண்ணன் மகன் சின்ன வெங்காயம் போடுகிறான். பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் போனவர்கள் கொல்லைக்குள் வெங்காயப் பட்டறைகளைப் பார்த்திருப்பார்கள். தரையிலிருந்து தூக்கிக் கட்டிய நீளமான பரண், ஆளின் கை எட்டும் அகலத்துக்கு மேல் போகாது, இரண்டு பக்கமும் காற்று ஊடுருவப் படல், மேலே கீற்று. தாளோடு உலர்த்திய வெங்காயத்தை அதில் கொட்டி, விலை வரும்வரை மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். குளிர்பதனக் கிடங்கு வராத காலத்தில் இந்த மண் கண்டுபிடித்த தொழில்நுட்பம் அது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: காற்று உலர்ந்திருக்க வேண்டும்.

"போன தடவை பட்டறையப் பிரிச்சுப் பாத்தா நடுவுல புழுக்கம் தாங்காம வெங்காயம் முளை விட்டுருக்கு சித்தப்பா" என்றான். "சரி, விதைக்காயா ஊனிடலாம்னு ஆடியில ஊனினேன். முளைச்சு வந்தது. பொறட்டாசியில நாலு நாள் விடாம ஊத்துச்சு. தாள் எல்லாம் சுருண்டு, கழுத்து நீண்டு போச்சு. புடுங்கிப் பாத்தா அடியில காயே கட்டல."

எங்கள் பக்கம் அதற்குக் கோழிக்கால் நோய் என்று பெயர். வேளாண் துறைத் துண்டறிக்கையில் திருகல் நோய். ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். வெங்காயம் போனதும் மக்காச்சோளம் விதைத்தான். தையில் கதிர் முற்றிக் காயும் நேரத்தில் தட்டையோடு நின்றபடியே மழையில் நனைந்து முளை விட்டது. வெங்காயம் முளைக்கக் கூடாத இடத்தில் முளைத்தது, சோளமும் முளைக்கக் கூடாத இடத்தில் முளைத்தது. விதைத்த இடத்தில் மட்டும் முளைப்பது குறைந்துவிட்டது. பயிர்க் காப்பீடு போட்டிருந்தான். பிர்கா சராசரியில் மகசூல் இழப்பு அந்த அளவுக்கு இல்லை என்று கை விரித்துவிட்டார்கள். பக்கத்து ஊரில் அந்த நாலு நாளும் வெறும் தூறல்தானாம். இந்தக் கால மழைக்கு ஊர் எல்லை தெரிகிறது, காப்பீட்டுக்குத்தான் தெரியவில்லை.

"நீங்க படிச்சவரு, இதுக்கெல்லாம் யாரு சித்தப்பா காரணம்?" என்று கேட்டான்.

அவனை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து காரை பக்கம் கூட்டிப்போகலாம் என்று தோன்றியது. செடி கொடி இல்லாமல், மழை அரித்த மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் பூமி. சின்ன வயதில் அங்கே சுருள் சுருளான கற்களைப் பொறுக்கியிருக்கிறோம். அம்மோனைட் என்ற கடல் பிராணியின் புதைபடிவம் என்று தெரியாமல் கோலிக்குண்டுக்கு மாற்றிக்கொண்டதுண்டு. இப்போது வாரணவாசியில் அவற்றுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் எங்கள் கரிசல் காடு கடலுக்கு அடியில் கிடந்தது. சிப்பியும் நத்தையும் தண்ணீரில் கரைந்திருந்த கரியை ஓடாகக் கட்டிக்கொண்டு, செத்து, அடுக்கடுக்காகப் படிந்து, சுண்ணாம்புக்கல் ஆயின. கடல் பின்வாங்கிப் போகும்போது, காற்றில் இருந்தால் ஆகாது என்று ஒதுக்கிய கரியை எங்கள் காலடியில் பூட்டி வைத்துவிட்டுப் போயிற்று.

இந்தப் பாறைகளை முறையாக ஆராய்ந்து 1862-இல் எழுதியவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற வெள்ளைக்காரர். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறை வரிசைகளுக்குப் பெயர் வைத்தார். அதன் பிறகு அவர் என்ன ஆனார் என்பதுதான் வேடிக்கை. 1875-இல் இந்திய வானிலைத் துறையைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. இமயமலைப் பனியை வைத்து நாட்டின் பருவமழையை முன்கூட்டிச் சொல்லலாம் என்று முயன்றவரும் அவரே. அரியலூர்க் கல்லையும் இந்திய மழையையும் ஒரே ஆள் படித்தார். இரண்டுக்கும் ஒருநாள் சம்பந்தம் வரும் என்று அவருக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

எப்படிச் சம்பந்தம் வந்தது? நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ சுண்ணாம்பு. மீதி 44 கிலோ கரியமில வாயுவாக வானத்துக்குப் போய்விடும். சூளையை 1,450 டிகிரிக்குச் சூடாக்க எரிக்கும் நிலக்கரியின் புகை தனிக்கணக்கு. உலகத்தில் மனிதன் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு சிமெண்ட் செய்வதால் மட்டுமே வருகிறது. 1979-இல் அரியலூருக்கு அரசு சிமெண்ட் ஆலை வந்தது. அதன் பின் தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. வேலை வந்தது, லாரி வந்தது, வீட்டுக்கு ஒரு ஐ.டி.ஐ. படித்த பிள்ளை வந்தான். சாலையோரப் புளியமரங்களின் இலை வெள்ளையாகியது. கூரை வீடெல்லாம் மாடி வீடாயிற்று. தெருவெல்லாம் சிமெண்ட் சாலையாயிற்று. எங்கள் காலடியிலிருந்து எடுத்த கல்லே தெருவில் வந்து படுத்துக்கொண்டு, பெய்கிற மழையைக் காலடிக்குள் போக விடாமல் தடுக்கிறது. அது வானத்துக்கு அனுப்பிய காற்றும் கடலைச் சூடாக்கி, மழையைக் கலைத்துவிடுகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

உடனே அரியலூர்தான் உலகத்தைக் கெடுத்தது என்று கிளம்பிவிட வேண்டாம். கரியமில வாயுவுக்கு மாவட்ட எல்லை கிடையாது. வெளியான இடத்திலேயே தங்காமல் உலகம் முழுக்கக் கலந்துவிடும். 1958-இல் ஹவாய்த் தீவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு இருந்த அந்த வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்னால் சுமார் 280. கூடியதில் பெரும்பகுதி அமெரிக்கா, ஐரோப்பா, பின்னால் வந்த சீனா ஆகியவற்றின் கைங்கரியம். எங்கள் பங்கு அதில் தூசு. ஆனால் சூளையிலிருந்து வந்த தூசு. வளிமண்டலமும் கடலும் நிலமும் சூடானது மனிதனால்தான், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. குழு 2021-இல் அறிக்கை கொடுத்துவிட்டது. அதைப் படித்தபோது தாத்தா கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது. மனிதன் செய்வதற்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டு என்று ஊர் முழுக்கச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். இப்போது அதையே உலக விஞ்ஞானிகள் அத்தனை பேரும் கூடி, ஆயிரக்கணக்கான பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒரு வித்தியாசம்: பாவி யார் என்று தெரியாத காலத்தில் கொடும்பாவி கட்டி இழுத்தோம். பெயர், விலாசம், ஆண்டு வாரியாக எத்தனை டன் என்பது வரை தெரிந்த பிறகு இழுப்பதை நிறுத்திவிட்டோம்.

இழுப்பதற்குப் பதிலாக மாநாடு நடத்துகிறோம். தமிழ்நாட்டில் 2022 முதல் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, மாவட்டம் தோறும் கிளை உண்டு. 2024-இல் எங்கள் பக்கத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, மகிழ்ச்சியான செய்தி. 2025-இல் கங்கைகொண்ட சோழபுரத்தின் சோழகங்கத்தைச் சீரமைக்கப்போவதாக அரசு அறிவித்தது. கங்கை வரை படை அனுப்பி ஜெயித்த ராஜேந்திர சோழன் அந்த வெற்றிக்கு அடையாளமாக அந்த ஏரியை வெட்டினான். தண்ணீராலான ஜெயஸ்தம்பம் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. இன்றைக்கு ஒரு வார்டு தேர்தலில் ஜெயித்தால்கூட சிமெண்டில் அலங்கார வளைவு கட்டுகிறோம். ஆயிரம் வருஷத்தில் ஜெயஸ்தம்பம் எவ்வளவு காய்ந்துபோய்விட்டது!

அண்ணன் மகனை நான் காரைக்குக் கூட்டிப்போகவில்லை. பிளான்ஃபோர்டும் கீலிங்கும் அவனுடைய வெங்காயத்தைக் காப்பாற்றப்போவதில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது வேறு. ஊருக்குக் கிழக்கே கல் எடுத்து முடித்துக் கைவிட்ட சுரங்கக் குழி ஒன்று இருக்கிறது. மூன்று நாளில் கொட்டுகிற மழை அதில் நிறைந்து, பச்சை நிறத்தில் கோடை வரை கிடக்கிறது. வேலி போட்டு, 'உள்ளே இறங்காதீர்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். குழிக்குத் தண்ணீர் வருகிறது. ஏரிக்கு வரவில்லை, ஏனென்றால் ஏரியின் வரத்து வாய்க்காலில் பாதி சாலையாகவும் மீதி சீமைக்கருவேலமாகவும் இருக்கிறது. "அந்தத் தண்ணிய ஏரிக்குத் திருப்பிவிட ஒரு மனு எழுதிக் குடுங்க சித்தப்பா, அது போதும்" என்றான்.

எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்த கோரிக்கைகளை இங்கேயும் சொல்லி வைக்கிறேன்; படிப்பவர்களில் யாராவது மனு வாங்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். கல் எடுத்து முடித்த குழிகளைச் சோதித்து, தண்ணீர் தேறும் குழிகளைப் பாதுகாப்பான கரை கட்டி ஏரி, குளங்களோடு இணையுங்கள். மழையை அளக்கும் உருளையை ஊராட்சிக்கு ஒன்று வையுங்கள். காப்பீட்டுக்கு அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வரத்து வாய்க்கால்களைப் புரட்டாசி முடிவதற்குள் தூர்வாருங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்த ராத்திரியில் பொக்லைன் தேடாதீர்கள்; அந்த ராத்திரியில் அத்தனை பொக்லைனும் வேறு ஊரில் இருக்கும்.